கற்பனை – கட்டளையும் உருவாக்கமும்: எண்ணத்தின் ஆற்றல் பற்றிய கிறித்தவ நோக்கும் பழவேற்காட்டுப் பாட்டு முறையும்

ஆய்வுச்சுருக்கம்

எண்ணத்தின் ஆற்றலைப் போற்றும் தன்னம்பிக்கை நூல்கள் கடந்த ஒரு நூற்றாண்டாகத் தமிழில் பெருகி வந்துள்ளன. அவற்றுள் சில விவிலியத்தைச் சான்று காட்டுகின்றன. கிறித்தவ வழிபாட்டு மேடைகளிலும் அக்கருத்து ஒலிக்கிறது. விவிலியம் கற்பனையை எவ்வாறு நோக்குகிறது, 'எண்ணியதெல்லாம் கைகூடும்' என்னும் கொள்கைக்கு அது இடம் தருகிறதா என்பவை இக்கட்டுரையின் வினாக்கள். தமிழ்க் கிறித்தவ வழக்கில் 'கற்பனை' என்னும் சொல் கட்டளையையும் குறிப்பதைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, பழவேற்காட்டின் சமய வரலாற்றையும் ஏரி மீனவரின் பாட்டு முறையையும் உரைகல்லாக வைத்து இவ்வினாக்கள் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கற்பனை, கட்டளை, எண்ணம், பழவேற்காடு, பாடு, ஆபிரகாம் ரோஜேரியஸ், தேம்பாவணி, மனம் போல வாழ்வு.

முன்னுரை

தமிழ் இலக்கியத் திறனாய்வில் 'கற்பனை' என்றால் இல்லாததை மனத்தில் உருவாக்கும் ஆற்றல் என்றே பொருள். தமிழ்க் கிறித்தவர் வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு அச்சொல் முதலில் தருவது வேறொரு பொருள். 'பத்துக் கற்பனைகள்' என்பன சீனாய் மலையில் அருளப்பட்ட பத்துக் கட்டளைகள். சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பில் 'கற்பனைகளைக் கைக்கொள்ளுதல்' என்பது இறைவனின் சட்டத்துக்குக் கீழ்ப்படிதல். 'கற்பி' என்னும் வினையும் அவ்வழக்கில் 'கற்றுக்கொடு' என்பதோடு 'ஆணையிடு' என்றும் பொருள்படும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'கட்டளை' என்ற சொல்லை ஏற்றுக்கொண்டதால் இவ்விருபொருள் இளைய தலைமுறைக்கு மங்கி வருகிறது.

இதனைச் சொல் விபத்து என ஒதுக்கிவிடலாம். ஆனால் மனம் தன்போக்கில் உருவாக்குவதும், மனத்துக்கு வெளியிலிருந்து வந்து அதனைக் கட்டுப்படுத்துவதும் ஒரே பெயரைப் பெற்றிருப்பது, கிறித்தவச் சிந்தனையில் நெடுங்காலமாக நிலவும் ஒரு பிணக்கைத் தெளிவாகக் காட்டுகிறது. கட்டளைக்கும் உருவாக்கத்துக்கும் என்ன உறவு என்பதே அப்பிணக்கு.

விவிலியத்தில் 'உருவாக்கும் மனம்'

மனித மனத்தின் கற்பனை பற்றி விவிலியத்தின் முதல் தீர்ப்பு கடுமையானது. வெள்ளப் பெருக்குக்கு முன், மனித இதயத்தில் உருவாகும் நினைவுகள் எல்லாம் தீயனவாகவே இருந்தன எனத் தொடக்கநூலின் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. அங்கே வரும் எபிரேயச் சொல் 'யேட்சர்'. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனைத் 'தோற்றம்' என்று ஆக்கியது. இச்சொல்லின் வினையடி களிமண்ணைப் பிசைந்து உருக்கொடுப்பதைக் குறிக்கும். குயவனைச் சுட்டும் எபிரேயப் பெயரும் இவ்வடியிற் பிறந்ததே. அதே நூலின் இரண்டாம் அதிகாரத்தில் இறைவன் மண்ணால் மனிதனை உருவாக்கியதைக் கூறவும் இவ்வினையே பயன்படுகிறது. ஆக, மனம் செய்யும் செயலும் படைப்பாளர் செய்த செயலும் ஒரே வினையால் சுட்டப்படுகின்றன. மனிதன் உருவாக்கப்பட்டவன்; உருவாக்கவும் வல்லவன். தீமை அவன் உருவாக்கியவற்றின் தன்மையில் இருந்தது. உருவாக்கும் ஆற்றலையே தீயது என அப்பகுதி கூறவில்லை.

இதற்குச் சான்று எசாயா நூலின் இருபத்தாறாம் அதிகாரத்தில் உள்ளது. இறைவனைச் சார்ந்து உறுதியாய் நிற்பவனுக்கு அமைதி கிட்டும் என்னும் இடத்தில் அதே 'யேட்சர்' வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே 'மனது' என்று பெயர்த்தமையால் தமிழ் வாசகருக்கு இத்தொடர்பு புலப்படுவதில்லை. ஓரிடத்தில் அழிவுக்குக் காரணமான ஆற்றல் மற்றோரிடத்தில் அமைதியின் இருப்பிடமாகிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதுகையில் எண்ணங்களைச் சிறைப்படுத்தச் சொல்கிறார். பிலிப்பியருக்கு எழுதுகையில் உண்மையானவை, நேர்மையானவை, தூய்மையானவை ஆகியவற்றை எண்ணிக்கொண்டிருக்கச் சொல்கிறார். கற்பனையை ஒழிப்பது அவர் நோக்கமாக இருந்திருப்பின் இரண்டாம் அறிவுரைக்கு இடமே இருந்திராது.

பழவேற்காட்டில் இரு மரபுகள்

கற்பனையைக் கிறித்தவ மரபுகள் இரண்டு வெவ்வேறு வழிகளில் கையாண்டன. அவ்விரண்டும் தமிழ்நாட்டில் நெருங்கி நின்ற இடங்களுள் ஒன்று பழவேற்காடு. போர்த்துக்கீசியர் காலத்தில் தோன்றி, 1515ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்ளும் மகிமை மாதா திருத்தலம் இங்கு உள்ளது. 1610இல் இங்குக் காலூன்றி 1613இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர்கள் சீர்திருத்தச் சபையினர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கடற்கரையில் அவர்களின் தலைமையிடம் இதுவே.

இரு மரபுகளுக்கும் இடையிலான கருத்து வேறுபாட்டை 1563ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டுகிறது. அவ்வாண்டில் வெளிவந்த ஹைடல்பெர்க் வினாவிடை, கல்லாதார்க்கு நூல்களாகப் பயன்படும் என்ற காரணத்தாலும் கோயிலில் உருவங்களை வைக்கலாகாது என்றது. அதே ஆண்டு திசம்பரில் திரெந்துப் பொதுச்சங்கம், உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அவ்வுருவம் சுட்டுபவரையே சென்றடைகிறது என்றது. சீர்திருத்தச் சபையார் உருவத் தடையைத் தனித்த இரண்டாம் கற்பனையாக எண்ணினர். கத்தோலிக்கர் அதனை முதற் கற்பனைக்குள் அடக்கினர். தமிழில் சொல்வதானால், ஒரு கற்பனை மற்றொரு கற்பனையை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பதே வழக்கு. மனித மனம் ஓயாது தெய்வ உருவங்களை வார்க்கும் பட்டறை என்னும் கருத்துடைய கால்வினின் வழிவந்தவர்கள், அப்பட்டறையை மூட வேண்டும் என்றனர். இலொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சிகள் நூலில் (1548) அதே பட்டறையைத் தியானத்துக்குப் பயன்படுத்தினார். நற்செய்தி நிகழ்ச்சி நடந்த இடத்தை, அதன் நீளம், அகலம், வழிகளோடு மனக்கண்ணில் அமைத்துக்கொள்வது அவர் வகுத்த பயிற்சியின் முதற்படி.

இப்பயிற்சி தமிழில் பெற்ற பெரும் பயன் தேம்பாவணி. இயேசு சபைத் துறவியான வீரமாமுனிவர் (1680–1747) சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 36 படலங்களில், 3615 பாடல்களில் இக்காப்பியத்தை இயற்றினார். அதன் நாட்டுப் படலத்திலும் நகரப் படலத்திலும் யூதேயா தமிழ் மருத நிலமாகவே காட்சி தருகிறது. இதனைக் காப்பிய மரபுக்கான இணக்கம் என்றே ஆய்வாளர் பலர் விளக்குவர். இஞ்ஞாசியார் வகுத்த 'இடம் அமைத்தல்' பயிற்சியோடு இணைத்து நோக்கினால் வேறொரு காரணமும் புலனாகும். தமிழர் தாம் அறிந்த நிலத்தில் நின்றாலொழிய அந்நிகழ்ச்சிகளைத் தியானிக்க இயலாது என்பதே அது. பழவேற்காட்டு மீனவருக்கு அத்தகைய மாற்றமும் வேண்டியதில்லை. நற்செய்தியின் பெரும்பகுதி ஓர் ஏரிக்கரையில், வலை அலசும் மீனவரிடையே நிகழ்கிறது. பட்டினத்துக் கல்விமானுக்குப் பயிற்சியால் வரவேண்டிய காட்சி, நடுவூர் மாதாகுப்பத்தாருக்கு வாசலிலேயே இருக்கிறது.

சீர்திருத்த மரபைக் கற்பனைக்குப் பகை என முடிவுகட்டுவதும் பிழையாகும். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. கோயிலுக்குள் உருவம் கூடாது என்றவர்கள் கல்லறை வாயிலில் சாவுக்கு உருவம் கொடுத்தனர். இது முரண்பாடன்று. படைக்கப்பட்டவற்றை வரைவதையோ செதுக்குவதையோ அவர்களின் வினாவிடை தடுக்கவில்லை. இறைவனுக்கு உருவம் கற்பிப்பதையும் உருவத்தை வணங்குவதையுமே தடுத்தது. வாணிகத்துக்காகக் கடல் கடந்து வந்தோரின் கண்முன் அவர்தம் முடிவை நிறுத்துவது அவ்வுருவங்களின் பணி. அங்கே கற்பனை ஆசையை வளர்க்காது, அதற்கு அளவு காட்டுகிறது.

ரோஜேரியஸ்: கேட்டலும் காணாமையும்

கோட்டையின் சமயப் பணியாளராக 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். அவர் 1649இல் இறந்தபின், 1651இல் லெய்டன் நகரில் அவருடைய நூல் வெளிவந்தது. மறைந்து கிடக்கும் புறச்சமயத்துக்குத் 'திறந்த வாசல்' எனப் பொருள்படும் தலைப்புடைய அந்நூல், இந்து சமயம் பற்றி ஐரோப்பியர் எழுதிய தொடக்ககால விரிவான நூல்களுள் ஒன்று. பத்மநாபன் என்னும் பிராமணர் விளக்கிக் கூறியவற்றை அடிப்படையாகக் கொண்டு ரோஜேரியஸ் எழுதினார். பர்த்ருஹரியின் பாடல்களது டச்சு ஆக்கமும் இந்நூலில் இடம்பெற்றது. வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியதற்கு அதுவே முதற்சான்றாகக் கருதப்படுகிறது.

தலைப்பு 'புறச்சமயம்' என இகழ்ந்தாலும் நூலின் பெரும்பகுதி கேட்டறிந்ததைப் பொறுமையாகப் பதிவுசெய்கிறது. தாம் ஏற்காத நம்பிக்கையை, நம்புவோர் கூறியவாறே தம் மனத்தில் அமைத்துக்கொள்ளுதல் கற்பனையின் அரிய செயல். உருவத்தை மறுக்கும் மரபில் வந்தவர் ஒருவர் இதனைச் செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அதே நேரத்தில் இந்நூலின் வாசல் ஒரு வீட்டுக்கு மட்டுமே திறந்தது. நூலின் மையம் பிராமணரின் வாழ்வும் வழிபாடும். கோட்டையைச் சூழ்ந்த குப்பங்களின் உலகு அம்மையத்துக்குள் வரவில்லை. அதே 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் பழவேற்காட்டிலிருந்து அடிமைகளைப் பத்தாவியாவுக்கு ஏற்றிச் சென்றன. உருவ வணக்கத்தை விலக்கிய கோட்டைச் சமூகம், இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்டவன் என்று தன் மறையே கூறும் மனிதனைச் சரக்காக எண்ணிற்று. பொய்யான உருவங்களை மனத்திலிருந்து நீக்கிவிட்டால் மட்டும் அயலான் கண்ணுக்குத் தெரிந்துவிடுவதில்லை என்பதற்குப் பழவேற்காட்டின் வரலாறு கசப்பான சான்று.

'மனம் போல வாழ்வு': ஒரு பழமொழியின் பயணம்

தற்கால எண்ண ஆற்றல் நூல்களின் மூலங்களுள் ஒன்று ஜேம்ஸ் ஆலன் 1903இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறுநூல். அதனை 'மனம் போல வாழ்வு' எனத் தமிழாக்கியவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. 1908 முதல் 1912 வரை நீண்ட சிறைவாழ்வின்போது அவர் இப்பணியில் ஈடுபட்டார். செக்கிழுக்க வைக்கப்பட்ட ஒருவர், புறச்சூழலுக்கு அடிமையாகாத அகம் பற்றிய நூலைத் தேர்ந்ததன் நியாயம் விளங்கக்கூடியது. அவருக்கு அந்நூல் செல்வம் ஈட்டும் வழியன்று. வதைக்கு இடையே மனம் தளராதிருக்கும் வழி.

ஆலன் தம் தலைப்பை விவிலியத்தின் நீதிமொழிகள் நூலில், இருபத்துமூன்றாம் அதிகாரத்திலிருந்து எடுத்தார். மனிதன் தன் உள்ளத்தில் எண்ணுவது எவ்வாறோ அவ்வாறே அவன் இருக்கிறான் என்பது அப்பகுதியின் கருத்து. இது தனி மொழியாகவே எங்கும் எடுத்தாளப்படுகிறது. இருந்த இடத்தில் வைத்துப் படித்தால் பொருள் வேறு. கருமியின் வீட்டில் விருந்துண்ண வேண்டாம் என்பதே அங்குள்ள அறிவுரை. உண்ணுமாறும் பருகுமாறும் அவன் வாயால் உபசரிப்பான். உள்ளத்திலோ விருந்தினன் உண்ணும் ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்குப் பார்ப்பான். அங்குள்ள எபிரேய வினையும் மதிப்பிடுதல், கணக்கிடுதல் என்னும் பொருளையே நோக்கிச் செல்கிறது. எண்ணம் வாழ்வை உருவாக்கும் என்னும் வாக்குறுதி அங்கில்லை. சொல்லுக்கும் எண்ணத்துக்கும் இடையே பிளவுள்ள மனிதனைப் பற்றிய எச்சரிக்கையே உள்ளது. அந்தப் பிளவு வெளிப்படும் இடம் பிறரோடு பகிரும் உணவு.

திருக்குறளுக்கும் இத்தகைய நிலை நேர்ந்துள்ளது. எண்ணியதை அடைதல் பற்றிய குறள் எண்ண ஆற்றல் நூல்களில் தவறாது இடம்பெறும். அது நிற்கும் 'வினைத்திட்பம்' அதிகாரத்துக்கு முன் 'வினைத்தூய்மை' என்னும் அதிகாரம் நிற்பதை அந்நூல்கள் நோக்குவதில்லை. எதை எண்ண வேண்டும் என்பது முடிவான பின்னரே எவ்வளவு உறுதியாக எண்ண வேண்டும் என்பது வள்ளுவத்தில் பேசப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் நார்மன் வின்சென்ட் பீல் (1952), தென்கொரியப் போதகர் யோங்கி சோ (1979) ஆகியோரின் நூல்கள் இக்கருத்துக்குக் கிறித்தவ வடிவம் தந்தன. மேசை, நாற்காலி, மிதிவண்டி ஆகியவற்றை வேண்டிய சோ, அவை எத்தகையனவாக இருக்க வேண்டும் என்று நுணுக்கமாக மனத்தில் கண்டு வேண்டியதைத் தம் நூலில் விவரிக்கிறார். போருக்குப் பின் வறுமையில் வாடிய மக்களிடையே எழுந்த குரல் அது. இழந்தோர்க்கு வேண்டும் துணிவையேனும் அது தந்தது. இதனை மறுத்துவிட்டு அக்கொள்கையைக் குறைகூறுவது நேர்மையாகாது. எனினும் அக்கொள்கைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. பெற்றவன் சரியாக எண்ணியதால் பெற்றான் என்றால், பெறாதவன் சரியாக எண்ணாததால் பெறவில்லை என்றாகும். வறுமை எண்ணத்தின் குற்றமாகிவிடும்.

ஏரி என்னும் உரைகல்

இம்மறுபக்கத்தைச் சோதிக்கப் பழவேற்காட்டைவிடப் பொருத்தமான இடம் அரிது. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இறால் வரத்து முகத்துவாரத்தின் வழி ஏறியிறங்கும் கடல்நீரையும் ஆரணியாறு முதலியவை கொணரும் நன்னீரையும் பொறுத்தது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் ஏரி மெலியும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தை மீனவர் எதிர்ப்பதும் கரையும் மணலும் இடம்பெயரும் என்னும் அச்சத்தால்தான். இத்தகைய நிலையில் வலை வெறுமையாக வந்தவனிடம் அவன் எண்ணத்தில் குறை என்பது, மணலின் குற்றத்தையும் திட்டமிட்டோரின் பொறுப்பையும் அவன் தலையில் ஏற்றுவதாகும்.

நற்செய்தி இவ்வாறு செய்யவில்லை. லூக்கா ஐந்தாம் அதிகாரத்திலும் யோவான் இருபத்தொன்றாம் அதிகாரத்திலும் மீனவர் இரவு முழுதும் உழைத்தும் ஒன்றும் பெறாது திரும்புகின்றனர். இரண்டு இடங்களிலும் அவர்களது மனநிலையைக் குறைகூறும் சொல் ஒன்றுமில்லை. வலையை எங்கே வீசுவது என்பதே சொல்லப்படுகிறது. லூக்காவில் மீன் மிகுந்து வலை கிழியத் தொடங்கியதும் அவர்கள் செய்யும் முதற்செயல், மற்றப் படகிலிருந்த கூட்டாளிகளைக் கையசைத்து அழைப்பது. யோவானில் கரையேறியதும் அவர்களுக்காகக் கரியடுப்பில் மீனும் உடன் அப்பமும் ஆயத்தமாக உள்ளன. நீதிமொழியின் கருமி கவளத்துக்குக் கணக்குப் பார்த்தான். இங்கே உணவு கணக்கின்றி முன்னரே ஆயத்தமாயிருக்கிறது. விவிலியத்தின் நோக்கில் எண்ணத்தின் ஆற்றல் உரசிப் பார்க்கப்படும் இடம் இத்தகைய விருந்தே.

பழவேற்காட்டு மீனவரின் பாட்டு முறையை இப்பின்னணியில் நோக்கலாம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், கிறித்தவ மீனவர் வாழும் நடுவூர் மாதாகுப்பம் ஆகியவை ஏரியின் குறித்த மீன்பிடி இடங்களைப் 'பாடு' எனப் பகுத்து, சீட்டுக் குலுக்கி, முறைவைத்து வலையிடும் உரிமையைத் தலைக்கட்டுகளுக்குப் பகிர்ந்துவந்துள்ளன. நீரில் வேலியிட முடியாது. எல்லைக்கல் நட முடியாது. பாட்டின் எல்லை ஊராரின் பொது நினைவில்தான் உள்ளது. இன்று நல்ல இடம் பெற்றவன் நாளை அதனைப் பிறர்க்கு விடவேண்டும் என்பதும் கண்ணுக்குப் புலனாகாத ஒரு நியாயத்தை எல்லாரும் மனத்தில் அமைத்துக்கொண்டதன் விளைவே. பாடு உருவாக்கம் என்னும் பொருளிலும் கற்பனை; மீறக்கூடாத கட்டளை என்னும் பொருளிலும் கற்பனை. தமிழ்க் கிறித்தவ வழக்கில் பிரிந்து நின்ற இருபொருளும் ஏரி மேல் ஒன்றாகின்றன. சீட்டு, விரும்புவோனின் ஆசைவலிமைக்கு எவ்விடமும் தருவதில்லை. உறுதியாக எண்ணியவனுக்கும் மனம் சோர்ந்தவனுக்கும் முறை ஒன்றே. அம்முறை சமய எல்லையைக் கடந்து மூன்று குப்பங்களையும் பிணைப்பதும் கருதத்தக்கது.

எனினும் பாட்டு முறையைக் குறையற்றதாகப் புனைந்துரைப்பதும் ஒருவகைப் பொய்க் கற்பனையே. அது தலைக்கட்டு என ஆடவரையே எண்ணுகிறது. உரிமை பெற்ற குப்பங்களுக்கு வெளியே உள்ளோர்க்கு நல்ல இடங்கள் கிட்டுவதில்லை. இதனால் பூசல்களும் நேர்ந்துள்ளன. ஆழமற்ற நீரில் சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிக்கும் இருளர் அச்சீட்டில் இல்லை. ரோஜேரியசின் வாசல் ஒரு வீட்டுக்கு மட்டும் திறந்ததுபோல, பாட்டின் நியாயமும் மூன்று குப்பங்களோடு நின்றுவிடுகிறது. இரண்டிலும் குறை ஒன்றே: எண்ணத்தின் ஆற்றல் போதாமையன்று, எண்ணத்துக்குள் வந்த மனிதர் போதாமை.

'பாடு' என்னும் சொல்லுக்குத் தமிழ்க் கிறித்தவ வழக்கில் கிறிஸ்துவின் துன்பம் என்னும் பொருளும் உண்டு. மாதாகுப்பத்தில் தவக்காலத்தில் 'பாடு' என்பதற்கு ஒரு பொருள். வலை ஏற்றும் நாளில் மற்றொரு பொருள். எண்ண ஆற்றல் நூல்களின் கிறித்தவ வடிவத்தில் விடுபட்டுப்போனது இச்சொல்லின் முதற்பொருளே. துன்பத்தை எண்ணத்தின் தோல்வியாகக் கருதும் கொள்கைக்குத் தன் சமயத்தின் நடுவே நிற்கும் சிலுவையை விளக்க வழியில்லை.

முடிவுரை

கற்பனை தன்னளவில் தீயது என்னும் கருத்துக்கும், அது எல்லாம் வல்லது என்னும் கருத்துக்கும் விவிலியத்தில் ஆதரவில்லை. அது குயவனின் கையில் உள்ள களிமண் போன்ற செயல். உருவாகும் பொருளே அதன் நன்மை தீமைகளைத் தீர்மானிக்கிறது. உருவத்தைத் தடுத்த மரபும் உருவத்தைப் பயன்படுத்திய மரபும் பழவேற்காட்டில் தத்தம் சிறப்பைக் காட்டின. தடுத்த மரபு தன் கோட்டை வாயிலிலேயே அயலானைக் காணத் தவறியதும் அங்கே பதிவாகியுள்ளது. 'மனம் போல வாழ்வு' என்னும் தொடரின் மூலப்பகுதி, எண்ணத்தின் உண்மையைச் செல்வத்தால் அளக்காமல் விருந்தால் அளக்கிறது. அவ்வளவுகோலை ஏற்றால், கிறித்தவ நோக்கில் எண்ணத்தின் ஆற்றல் என்பது தனக்கு வேண்டியதைத் துல்லியமாகக் காண்பதில் இல்லை. தன் எதிரே இருப்பவரின் பங்கைத் துல்லியமாகக் காண்பதில் உள்ளது. தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வு காப்பியங்களோடு நின்றுவிடாமல், மொழிபெயர்ப்புச் சொற்களையும் வட்டார வழக்குகளையும் சேர்த்து நோக்கும்போது இத்தகைய பொருள்கள் மேலும் வெளிப்படும்.